ரெண்டரை முழத்துக்கு ஒரு தேக்கு அலமாரி

புரட்டாசி கடைசி வாரம், ஒரு புதன்கிழமை, கடலூர் ஓ.டி. என்கிற பழைய டவுனிலிருந்து சிதம்பரம் போய்ப் பழைய மர அலமாரி ஒன்று வாங்கி வந்தோம். சிதம்பரத்துக்குப் போய் சாமியைப் பார்க்காமல் மரத்தைப் பார்த்துவிட்டு வந்தவன் நான் ஒருத்தன்தான் என்று என் பஞ்சர் கடைக்குப் பக்கத்து டீக்கடைக்காரர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார். சிரிக்கட்டும். நாலு பேருக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் தெரு பள்ளத்தில் இருக்கிறது. பெருமழை என்றால் தண்ணீர் வீட்டுக்குள் வந்து போகும், சொந்தக்காரன் மாதிரி. இரும்பு பீரோவின் அடித்தகடு துருப்பிடித்து அப்பளமாக உடைந்தது. அதற்குப் பிறகு வாங்கிய பிளைவுட் ஷெல்ஃப் ஒரே மழையில் ஊறி உப்பிவிட்டது. என் மனைவி செல்வி வீடு வீடாகப் பூ கொடுப்பவள். அவள் போகும் ஒரு வீட்டில் கால்கள் உயரமான பழைய தேக்கு அலமாரி ஒன்று இருந்தது. அந்த வீட்டிலும் தண்ணீர் புகுந்தது. அலமாரிக்கு அடியில் நுழைந்து அந்தப் பக்கமாகப் போய்விட்டதாம். அதைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கே எங்கள் அறையில் கதவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் இருக்கிற சுவரைக் கையால் அளந்தாள். "ரெண்டரை மொழம். கரெக்டா ஒக்காரும்" என்றாள்.

வாங்குவதற்குள் தை மாதம் அவள் போய்விட்டாள். காய்ச்சல் என்றுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அவள் புடவைகள் இரண்டு பாலிதீன் மூட்டைகளாகத் தரையில் கிடந்தன. ஐப்பசி மழைக்குள் அவற்றைத் தரையை விட்டுத் தூக்கிவிட வேண்டும். பயணத்தின் காரணம் அவ்வளவுதான்.

துணைக்கு வந்தது அவள் தம்பி குமார். கிளம்பும்போதே கேட்டான்.

"மாமா, டேப்பு எடுத்துக்கட்டுமா? செவுத்த ஒரு தபா அளந்துட்டுப் போயிடலாம்."

"ஒங்க அக்கா அளந்து வச்சிட்டாடா மச்சான். அவள நம்பாம மறுபடி அளந்தா கனவுல வந்து திட்டுவா. ஒன்னத்தான் திட்டுவா."

காலை எட்டு மணி பஸ். ஆளுக்கு முப்பத்தைந்து ரூபாய், ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. வானம் காலையிலிருந்தே இருட்டிக்கொண்டு நின்றது. குமார் சிப்காட்டில் வேலை செய்கிறான், அன்றைக்குக் காய்ச்சல் என்று லீவு சொல்லியிருந்தான். பஸ் அந்தப் பக்கம் போனபோது சீட்டுக்குள் சுருண்டுகொண்டான்.

"சூப்பர்வைசர் பஸ்ஸுல ஏர்றாரு மச்சான், இருமிக் காட்டு" என்றேன்.

நிஜமாகவே இருமினான். ஆலப்பாக்கம் வரைக்கும் சிரித்தேன். முன்பெல்லாம் இப்படி நான் யாரையாவது ஓட்டினால் பக்கத்து சீட்டிலிருந்து விலாவில் ஒரு இடி விழும். அது விழவில்லை என்பது புதுச்சத்திரம் தாண்டும்போதுதான் உறைத்தது.

கடை, ரயில் நிலையத்தைத் தாண்டி அண்ணாமலை நகர் போகிற வழியில், ஒரு சந்துக்குள். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஷேர் ஆட்டோ இருபது ரூபாய். ரிட்டையர் ஆகிக் குவார்ட்டர்ஸைக் காலி செய்கிறவர்களின் சாமான் நிறைய வருகிறது என்றார் கடைக்கார பாய். அலமாரிகள் வரிசையாக, கதவு திறந்தபடி நின்றன. எல்லாம் காலி. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு வீட்டு வாசனை. ஒன்றில் அந்துருண்டை, ஒன்றில் பழைய புத்தகம், ஒன்றில் ஏதோ தைலம். தலையை உள்ளே விட்டுப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் விட்டுத்தான் பார்க்க வேண்டும். மட்கிய வாசனை வந்தால் மரத்தில் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம்.

"பாலிஷப் பாத்து ஏமாந்துடாதீங்கண்ணே" என்றார் பாய்.

"ஒங்க கடையிலயுமா பாய்?"

"எங்கடையிலதான் ஜாஸ்தி. அதனாலதான் சொல்றேன்."

அந்த ஒரு பதிலுக்காகவே அவரிடம் வாங்குவது என்று முடிவு செய்தேன். முன்பக்கம் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். சுவரை விட்டு இழுக்கச் சொல்லி முதுகுப் பலகையைப் பாருங்கள். முன்னால் தேக்கு, பின்னால் ஏதோ ஒரு பலகை என்று கூட்டணி வைத்திருப்பார்கள். தரையில் மாவு மாதிரித் தூள் விழுந்திருந்தால் உள்ளே வண்டு குடியிருக்கிறது. காலின் அடியைத் தடவிப் பாருங்கள், நகம் இறங்கினால் அந்த மரம் தண்ணீரில் நின்றிருக்கிறது. இழுப்பறையை முழுசாக வெளியே உருவுங்கள். பூட்டுக்குச் சாவி இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள், பூட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

கடைசியில் இரண்டு தேறின. ஒன்று சின்னது, கதவில் கண்ணாடி, கால் நல்ல உயரம். குமாருக்கு அதுதான் பிடித்தது. "அக்காவும் இதத்தான் எடுத்திருக்கும் மாமா" என்றான். பாய் டேப் வைத்துப் பார்த்து முப்பத்தொன்பது இன்ச் என்றார்.

"இன்ச்சு கணக்கெல்லாம் எனக்கு வேணாம் பாய். எனக்கு ரெண்டரை மொழம் வேணும்."

"யாரு கை மொழம்ணே?"

"என் கைதான். வேற யாரு கை இருக்கு?"

முழங்கையை ஓரத்தில் ஊன்றி நானே அளந்தேன். சின்னது இரண்டு முழத்துக்குக் கொஞ்சம் மேலே வந்தது, இரண்டரைக்கு எட்டவில்லை. அடுத்தது பெரியது, இரட்டைக் கதவு, சுத்தமான தேக்கு. அளந்தால் சொல்லிவைத்த மாதிரி ரெண்டரை முழம். அவள் சொன்ன அளவு அப்படியே வந்ததும் இதுதான் என்று பாயிடம் கையைக் காட்டினேன். பதினெட்டாயிரம் சொன்னார், பதினைந்தரைக்கு முடிந்தது. குட்டியானை வேன் வாடகை இரண்டாயிரத்து இருநூறு, ஏற்றி இறக்க ஆளுக்கு முந்நூறு. முதுகுப் பலகையும் தலைப்பலகையும் தனியாகக் கழன்றதால் ஏற்றுவது சுலபமாக இருந்தது. வழியில் தூறல். குமார் பின்னால் உட்கார்ந்து தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டே வந்தான்.

நாலு மணிக்கு வீடு. அறைக்குள் கொண்டுபோய்ச் சுவரோரம் நகர்த்தினோம். நுழையவில்லை. கதவை ஒட்டி வைத்தால் அந்தப் பக்கம் ஜன்னலை மறைத்தது. ஜன்னலை விட்டு வைத்தால் கதவு திறக்கவில்லை. இறக்க வந்தவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். குமார் என் கையைப் பார்த்தான்.

"மாமா... அக்கா மொழம்..." என்றான்.

ஓ.டி.யில் பாதிப் பேருக்குத் தெரிந்த விஷயம் அது. "இன்னாம்மா, ஒன் மொழம் மணிக்கட்டுலயே முடிஞ்சிடுதா?" என்று செல்வியிடம் தினமும் யாராவது சண்டை போடுவார்கள். "சின்ன கை, சின்ன மொழம், கடவுள கேளு" என்பாள். நானும் ஓட்டாத நாளில்லை. பூ விற்பதற்கென்றே ஆண்டவன் அளவெடுத்து வைத்த கை என்பேன். அவ்வளவு பேசிய நான் அந்தக் கடையில் என் முழங்கையை ஊன்றியபோது ஒரு கணம்கூட அது ஞாபகம் வரவில்லை.

"ஊர ஏமாத்துனது போதாதுன்னு என்னையும் ஏமாத்திட்டா மச்சான்" என்றேன். குமார் சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் வெளியே போய்விட்டான்.

மறுநாள் பாய்க்குப் போன் செய்தேன். கண்ணாடி வைத்த சின்னது முந்தின நாள் சாயங்காலமே விற்றுப்போய்விட்டதாம். மழை பிடித்துக்கொண்டதால் ஜன்னலை மறைத்தே வைத்துவிட்டேன். அவள் உட்கார்ந்து பூக் கட்டுகிற ஜன்னல் அது. பாதி மூடிவிட்டது, பகலிலும் லைட் போட வேண்டியிருக்கிறது. ஐப்பசியில் தண்ணீர் உள்ளே வந்தது, அலமாரிக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கமாகப் போனது. புடவை ஒன்றுகூட நனையவில்லை. அந்தக் கணக்கில் பயணம் பழுதில்லை.

போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கிளம்புவதற்கு முன் சுவரை நீங்களே டேப் வைத்து அளந்துவிடுங்கள். எவ்வளவு வேண்டியவர்கள் சொன்ன அளவாக இருந்தாலும் சரி. அவர்களை நம்பாத மாதிரி ஆகாது. மழைக்கு முன்னால் போங்கள், திரும்பிப் போய் மாற்ற நாள் இருக்கும்.

செல்வி படத்தை அந்த அலமாரி மேலேயே வைத்திருக்கிறேன். தெருவில் இப்போது வேறு ஒரு அம்மா பூ கொண்டுவருகிறார். நேர்மையான கை, முழம் போட்டால் முழம்தான். அதை அப்படியே படத்துக்குப் போட்டால் மிச்சம் தொங்கி அவள் முகத்தை மறைக்கிறது. தினமும் ஓரத்தில் கொஞ்சம் கிள்ளிவிட்டுத்தான் போடுகிறேன்.