யார் கை என்று காட்டும்படி கேட்டேன்

பாகவதர்களே, சனிக்கிழமை பஜனையில் எழுந்து பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதிக் கொடுக்கிறேன். யாராவது வாசித்துவிடுங்கள்.

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தின ஆவணி மாதம். என் மனைவி இரண்டாம் பிரசவத்துக்காக மேல்கோட்டையிலுள்ள தன் பிறந்தகத்துக்குப் போயிருந்தாள். மைசூர் வீட்டில் நானும், ஐந்து வயது மகள் வேதாவும், அண்ணாவும், அவர் மனைவியான மன்னியும் இருந்தோம். மன்னிக்குக் குழந்தை இல்லை.

வேதாவின் வலது காதிலிருந்து சீழ் வர ஆரம்பித்தது. பக்கத்தில் உட்கார முடியாத நாற்றம். அந்தப் பக்கம் நின்று மெதுவாகக் கூப்பிட்டுப் பார்த்தேன். திரும்பவில்லை. காது போய்விட்டது என்றே நினைத்தேன்.

வெள்ளிக்கிழமைதோறும் அவளுக்கு எண்ணெய் தேய்த்து, காதில் இரண்டு சொட்டு விடுவது மன்னிதான். என் மனம் அங்கேயே போய் நின்றது. எண்ணெயில் எதையாவது கலந்திருப்பாளோ? அவள் அடுப்படியில் தளிகை செய்துகொண்டிருந்தபோது கிண்ணத்தை எடுத்து முகர்ந்தேன். என் காதிலேயே விட்டுக்கொண்டேன். ஒன்றும் ஆகவில்லை. சந்தேகம் போகவில்லை. எண்ணெயை மாற்றி வைத்திருப்பாள் என்று எண்ணிக்கொண்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை, நானே தேய்க்கிறேன் என்றேன். மன்னி கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"தேய்ச்சுக்கோ. ஆஸ்பத்திரிக்கு எப்போ அழைச்சுண்டு போகப்போறே? நாலு நாளா சொல்லிண்டிருக்கேன்."

"பாக்கலாம், மன்னி."

"பாத்துண்டே இரு, ஊமைக் கோட்டான் மாதிரி."

அவள் அவசரப்படுத்தியதும் எனக்குச் சந்தேகமாகவே பட்டது. குற்றத்தை மறைக்கத்தான் இவ்வளவு அக்கறை என்று நினைத்தேன்.

தினமும் வீட்டில் பெருமாளுக்குப் பூஜை, திருவாராதனம், முடிந்ததும் துளசியை என் காதோரம் செருகிக்கொண்டு, வேதாவின் காதோரமும் செருகுவேன். ஓடியாடும்போது அது விழுந்தால் அதட்டுவேன். பெருமாள் பிரசாதம் மிதிபடலாமா? பிறகு கண்ணை மூடி, "நரசிம்மா, இவளுக்குக் காதைக் கொடு. இது யார் கை என்று எனக்குக் காட்டு" என்று அழுவேன். உண்மையைச் சொன்னால், இரண்டாவதைத்தான் அழுத்திக் கேட்டேன்.

ஒரு நாள் காலை வேதாவுக்கு ஜுரம் வந்துவிட்டது. மன்னி என்னைக் கேட்கவில்லை. தெருவில் போன ஜட்கா வண்டியை நிறுத்தி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறினாள். நானும் ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நெற்றியில் வட்டக் கண்ணாடி கட்டிக்கொண்டு, மெல்லிய கம்பியால் காதிலிருந்து எதையோ இழுத்தார். கறுப்பாக, ஊறிப்போன ஓர் உருண்டை. பிறகு இன்னொன்று. அப்புறம் மூன்றாவது. நாலாவது மட்டும் பச்சையாக இருந்தது. துளசி. அன்று காலை நான் செருகியது.

இதை யார் உள்ளே வைத்தது என்று டாக்டர் கன்னடத்தில் கேட்டார். மன்னியின் மடியிலிருந்த வேதா விசும்பிக்கொண்டே சொன்னாள்: "நான்தான் தள்ளினேன். கீழே விழுந்தா அப்பா கோச்சுப்பா."

யார் கை என்று கேட்டேன். பெருமாள் காட்டிவிட்டார்.

திரும்பி வரும்போது ஜட்காவில் மன்னி என் பக்கம் பார்க்காமலே கேட்டாள்: "என் எண்ணெய் உன் காதுக்கு எப்படி இருந்தது, அம்பி?"

என் கை காதுக்குப் போனது.

"கிண்ணத்துல கொறஞ்சிருந்தது. உன் கழுத்துல வழிஞ்சிண்டிருந்தது. எனக்குக் கண் இல்லையா?"

எல்லாம் தெரிந்துதான் என் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். "தப்பு பண்ணிட்டேன், மன்னி. பொறுத்துக்கோங்கோ" என்றேன்.

"குழந்தைக்கு வெயில் படறது. அந்தப் பக்கம் நகர்ந்து உக்காரு" என்றாள்.

மூன்று வாரம் மருந்து விட்டோம். தசரா ஊர்வலத்தன்று கூட்டத்தில் நின்றிருந்தபோது, "பேண்டு வரதுப்பா" என்று வேதாதான் முதலில் சொன்னாள். எங்களுக்கு அது பிறகுதான் கேட்டது.

இப்போதும் திருவாராதனம் முடிந்ததும் துளசியை மன்னி கையில்தான் கொடுக்கிறேன். அவள்தான் வேதாவின் பின்னலில் வைத்து விடுகிறாள்.

பாகவதர்களே, உங்கள் குழந்தைக்குக் கஷ்டம் வந்தால் பெருமாளை நம்பிக் கேளுங்கள். டாக்டரிடமும் தாமதிக்காமல் போங்கள். யார் கை என்று கேட்டாலும் அவன் பதில் சொல்வான். ஆனால் நான் அதைக் கேட்பதை விட்டுவிட்டேன். முதல் வேண்டுதலோடு நிறுத்திக்கொள்கிறேன்.