மூன்று சக்கரத்தோடு ஏற்காடு

சென்ற ஆண்டு எங்கள் அலுவலகத்தில் கிட்டத்தட்ட எல்லோரும் ஏற்காட்டுக்குச் சுற்றுலா போனார்கள். நான் போகவில்லை. திரும்பி வந்தவர்கள் என் மேசையைச் சுற்றி நின்று படங்களைக் காட்டினார்கள். கடைசியில் ஒருவர், அன்பாகத்தான், "நல்ல வேளை நீ வரலை சுதா, ரொம்பக் கஷ்டப்பட்டிருப்பே" என்றார். அந்த ஒரு வார்த்தை ஓராண்டு என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. இந்த அக்டோபரில், மழை சற்று விட்டிருந்த ஒரு வாரக் கடைசியில் கிளம்பிவிட்டேன்.

இந்த வலைப்பக்கத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு சாலை விபத்தில் என் முதுகுத்தண்டில் அடிபட்டது. வயிற்றுக்குக் கீழே உணர்வு இல்லை. கைகள் நன்றாக இருக்கின்றன, என் சக்கர நாற்காலியை நானே தள்ளிக்கொள்வேன். என்னைப் போன்றவர்களும் அவர்களோடு பயணம் செய்பவர்களும் படிக்கவேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். துணைக்கு வந்தவள் கவிதா, அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரி. சென்ற ஆண்டு அவளும் போகவில்லை.

ரயில்பெட்டிக்குள் ஏறுவதும், அதிலுள்ள கழிப்பறையும் எனக்கு ஆகாதவை. அதனால் சென்னையிலிருந்து சேலத்துக்கு விமானம். ஒரு மணி நேரப் பயணம்தான். ஆனால் அந்த ஒரு மணி நேரத்துக்காக முந்தின நாள் மாலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிட வேண்டும். சின்ன விமானத்தின் கழிப்பறைக்குள் என்னால் போக முடியாது. இதை எந்தப் பயணச் சீட்டிலும் எழுதியிருக்க மாட்டார்கள்.

சென்னையில் பதிவு மேசையில் இருந்த பெண் என்னைப் பார்க்காமல் கவிதாவிடம் கேட்டாள்: "அவங்க கொஞ்சமாவது நடப்பாங்களா?"

"அவங்க இங்கேதான் இருக்காங்க. அவங்களையே கேளுங்க" என்றாள் கவிதா. இந்த வசனத்தை அவள் வாழ்நாளில் எத்தனை முறை சொல்லியிருப்பாள் என்று தெரியாது.

விமானத்தின் நடைவழிக்குள் நுழைவதற்கென்றே ஓர் ஒல்லி நாற்காலி வைத்திருக்கிறார்கள். அதில் உட்காரவைத்து, மார்பிலும் காலிலும் வார் போட்டு இறுக்கி, நால்வர் படியேற்றித் தூக்கிக்கொண்டு போவார்கள். தூக்குகிறவர்கள் தங்களுக்குள் "இந்தப் பக்கம் இறக்கு, அந்தப் பக்கம் ஏத்து" என்று பேசிக்கொள்வார்கள். நான் அப்போது மூட்டை. வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அன்றைக்கு மேலே வாசலில் நின்ற பணிப்பெண் மட்டும் குனிந்து, "இருக்கைக்கு மாறும்போது உங்களை எங்கே பிடிக்கணும், எங்கே பிடிக்கக் கூடாது?" என்று கேட்டார். சொன்னேன். அப்படியே பிடித்தார். அவ்வளவுதான். அந்தக் கேள்விக்குப் பிறகு எனக்கு விமானம் பிடிக்க ஆரம்பித்தது.

இறங்குவதற்குச் சற்று முன் சன்னலுக்கு வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. பஞ்சு, பால் என்றெல்லாம் சொல்வார்கள். எனக்கு அது உழுது போட்ட வயலைப் போல இருந்தது, கண்ணுக்கெட்டிய தூரம் வரை வரப்பே இல்லாத வயல். அதன் நடுவே கருநீலமாக ஒரு முதுகு எழுந்து நின்றது. சேர்வராயன் மலை. மேகத்துக்குக் கீழே இருக்கவேண்டிய மலை, மேகத்தைக் கிழித்துக்கொண்டு எங்களோடு சேர்ந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது. கவிதாவின் கையைப் பிடித்தேன். அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சேலத்தில் எல்லோரும் இறங்கிய பிறகு என்னை இறக்கினார்கள். சரக்கறையிலிருந்து என் நாற்காலி வந்தது. முன்பக்கத்து வலது சின்னச் சக்கரம் இல்லை. அதைப் பிடித்திருந்த கவை வளைந்து, போல்ட் முறிந்திருந்தது. எங்கே, யார் கையில் நடந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. விமான நிறுவனத்து இளைஞர் மிகவும் வருந்தினார். புகார் எழுதித் தரச் சொன்னார்.

நடக்கிறவர்களுக்கு இது ஒரு சக்கரம். எனக்கு அது கால். நாற்காலியைப் பின்பக்கம் சாய்த்துப் பிடித்து இரண்டு பெரிய சக்கரங்களில் கவிதா தள்ளினால் நகரும். நானாக ஓரடி நகர முடியாது. மூன்று நாளும் ஒருத்தி என்னைத் தள்ளுவதற்காகவா ஏற்காடு வந்தேன்? "இதே விமானத்தில் திரும்பிடலாம் கவி" என்றேன். அவள் குனிந்து நாற்காலியின் கால்பலகையைத் துடைக்க ஆரம்பித்தாள். அவள் எதையாவது துடைக்க ஆரம்பித்தால் அழப் போகிறாள் என்று அர்த்தம்.

வெளியே நாங்கள் பேசிவைத்திருந்த வாடகைக் கார் ஓட்டுநர் செல்வராஜ் காத்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். நாற்காலியைச் சுற்றி வந்து, கீழே குந்திப் பார்த்தார்.

"ஏனுங்க, வண்டியில ஒரு சக்கரம் போனா வண்டியவே உட்டுட்டுப் போவமுங்களா? ஏறுங்க. மேல கடைவீதியில பாத்துக்கலாம்" என்றார்.

விமான நிலையத்திலிருந்து ஏற்காடு சுமார் ஐம்பது கிலோமீட்டர். வாடகை இரண்டாயிரத்து நானூறு ரூபாய். அடிவாரத்தில் ஒரு பைக் பட்டறையில் நிறுத்தினோம். அங்கிருந்தவர் கவையை நெம்பி நேராக்கிக் கொடுத்தார், ஆனால் அவரிடம் பொருந்துகிற சக்கரம் இல்லை. காசும் வாங்கவில்லை.

அடிவாரத்தைத் தாண்டினால் இருபது கொண்டை ஊசி வளைவுகள். மலைப்பாதையில் எனக்கு வேறொரு சங்கடம் உண்டு. உடம்பை நிமிர்த்திப் பிடிக்கும் வலு இல்லாததால், கார் திரும்பும்போதெல்லாம் நான் சாய்ந்து விழுவேன். முதல் வளைவில் கதவில் இடித்துக்கொண்டேன். இரண்டாவதில் கவிதாவின் மடியில். செல்வராஜ் கண்ணாடியில் பார்த்திருக்கிறார். ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாவது வளைவுக்குச் சற்று முன்னால் "வலது வருதுங்க" என்றார். நான் மேல்கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். பிறகு "இடதுங்க" என்றார். மேலே போய்ச் சேரும்வரை ஒரு வளைவு விடாமல் சொல்லிக்கொண்டே வந்தார், பாதி பேச்சில் இருந்தாலும் நிறுத்திச் சொன்னார். நான் ஒருமுறைகூடச் சாயவில்லை.

சாயாததால் பார்க்க முடிந்தது. மூங்கில் போய் மரங்கள் உயரமாயின. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி கழுத்துவரை ஏறியிருந்தது. கீழே காப்பிச் செடிகளில் பச்சைக் காய்களுக்கு நடுவே ஒன்றிரண்டு சிவந்திருந்தன. ஒரு திருப்பத்தில் மேகம் சாலையைக் கடந்து போனது, ஆட்டு மந்தை போகிற நிதானத்தில். செல்வராஜ் வண்டியை நிறுத்தி அது போகும்வரை காத்திருந்தார். காலையில் நான் மேலிருந்து பார்த்த அதே மேகமாக இருக்கலாம். சன்னலுக்கு வெளியே கையை நீட்டினேன். கை நனைந்தது.

விடுதியின் இணையப் பக்கத்தில் 'சக்கர நாற்காலி வசதி உண்டு' என்று இருந்தது. வாசலில் நான்கு படிகள். "நாலே படிதானுங்க மேடம், தூக்கிருவோம்" என்றார் மேனேஜர். தூக்கினார்கள். அறைக்குள் போனால் குளியலறைக் கதவு என் நாற்காலியைவிடக் குறுகல். முந்தின நாளிலிருந்து தண்ணீரை அளந்து குடித்து, ஒரு கழிப்பறைக்காகக் காத்திருந்தவள் அந்தக் கதவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்ததை நினைத்துப் பாருங்கள்.

எனக்கு இது பழக்கம். "கதவைக் கழற்றினால் இரண்டு அங்குலம் கிடைக்கும். போதும்" என்றேன். மேனேஜர் தயங்கினார். முதலாளியைக் கேட்கவேண்டும் என்றார். போனில் கூப்பிட்டார், அவர் எடுக்கவில்லை. போனைப் பையில் போட்டுக்கொண்டு ஒரு நிமிடம் நின்றார். பிறகு ஸ்குரூடிரைவர் எடுத்துவரச் சொல்லி, சட்டைக் கையை மடித்துவிட்டு, தானே கதவைக் கழற்றினார். "அவரு திட்டுனா நா பாத்துக்கறனுங்க" என்றார்.

கதவு போன இடத்தில் போர்வை கட்டியவர் பாப்பாத்தி, அறைகளைச் சுத்தம் செய்பவர். வாழவந்தியிலிருந்து பஸ்ஸில் வேலைக்கு வருகிறார். என் வயதுதான் இருக்கும். கட்டி முடித்து, கவிதா என்னை உள்ளே தள்ளிவிட்டதும், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

"நா இங்கியே நிக்கறனுங்க. நீங்க கூப்புட்டாத்தான் திரும்புவேன். கூப்புடலீன்னா திரும்ப மாட்டேன்."

மருத்துவமனைகளில் பல மாதங்கள் கிடந்திருக்கிறேன். இவ்வளவு மரியாதையாக யாரும் எனக்கு முதுகைக் காட்டியதில்லை.

அன்று மாலை செல்வராஜ் முறிந்த போல்ட்டை எடுத்துக்கொண்டு கடைவீதிக்குப் போனார். திரும்பும்போது கூடவே ஓர் அம்மாள் வந்தார், முக்காடு போட்டவர், கையில் இரும்புச் சாமான் நிறைந்த ஒரு தகர டப்பா. சபியா அக்கா. அவரும் அவர் கணவரும் ஏற்காட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார்கள்.

"போல்ட்டக் காட்டிக் கேட்டாரு. போல்ட்டு இருக்குது. ஆனா உக்கார்றவங்களப் பாக்காம சக்கரத்த எப்புடிங்க குடுக்கறது" என்றார்.

அவர் கொண்டுவந்தது சிலிண்டர் தள்ளும் வண்டிக்கான கறுப்பு ரப்பர் சக்கரம். என்னுடையதைவிடச் சற்றுச் சின்னது. வாஷர்களை அடுக்கி உயரத்தைச் சரிக்கட்டினார். செல்வராஜ் பிடித்துக்கொள்ள, அவர் முறுக்கினார். முடிந்ததும் கட்டிலில் இருந்த என்னைப் பார்த்து, "நா ஒருக்கா உக்காந்து பாக்கலாங்களா? நொம்ப கனம் நானு. என்னத் தாங்குச்சுன்னா உங்களத் தாங்கும்" என்றார்.

என் நாற்காலியை யாரும் அனுமதி கேட்டுத் தொட்டதில்லை. உட்காருங்கள் என்றேன். உட்கார்ந்து, அறைக்குள் ஒரு சுற்றுச் சுற்றினார். மேசையில் இடித்தார். கவிதா சிரித்தாள், அவரும் சிரித்தார். பிறகு உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டு, "கையி இப்பவே வலிக்குதுங்களே. தினமுமா தள்றீங்க?" என்றார்.

"தினமும்தான் அக்கா."

"ம்" என்று எழுந்து, சக்கரத்தை மறுபடி ஒரு திருகு முறுக்கினார்.

மறுநாள் காலை கரடியூர் காட்சி முனை. ஏரிப் பக்கத்துக் காட்சி முனைகளில் வண்டி அருகிலேயே போய்விடும். ஆனால் நாங்கள் பார்த்த படங்களில் கரடியூர்தான் வேறு மாதிரி இருந்தது. கார் நின்ற இடத்திலிருந்து முனைவரைக்கும் கல்லும் புல்லுமாகப் பாதை. மூடுபனி. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. புல்லுக்கட்டோடு வந்த ஓர் ஊர்க்காரர் கட்டை இறக்கி வைத்துவிட்டு செல்வராஜைக் கேட்டார்: "ஏனுங்க, ஆளுக்கொரு பக்கமாத் தூக்கிக்கலாங்களா?"

"அவிங்களக் கேளுங்க" என்றார் செல்வராஜ்.

அவர் என் பக்கம் திரும்பி அதையே கேட்டார்.

"நானே வர்றேங்க. முடியாத இடத்தில் சொல்றேன்" என்றேன்.

அவர்கள் இருவரும் முன்னால் குனிந்து கற்களைப் பொறுக்கி ஓரமாகப் போட்டுக்கொண்டே போனார்கள். நான் தள்ளினேன். கவிதா பின்னால் கைவைக்காமல் வந்தாள், எனக்காக அவள் செய்கிற மிகக் கடினமான காரியம் அது. சிலிண்டர் சக்கரம் கிறீச்சிட்டது. உள்ளங்கைத் தோல் உரிந்தது. குறுக்கே ஒரு பாறை வந்ததும், "இங்கே தூக்குங்க. சட்டத்தைப் பிடிங்க, சக்கரத்தை வேண்டாம்" என்றேன். தூக்கினார்கள். அந்த முறை நான் மூட்டை இல்லை.

முனையில் வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை. கம்பி வேலி ஈரமாக இருந்தது. கவிதா என் முகத்தையே பார்த்தாள்.

"தெறக்குமுங்க. இருந்து பாத்துட்டே போலாம்" என்றார் ஊர்க்காரர். புல்லுக்கட்டை மறந்து அவரும் உட்கார்ந்துவிட்டார்.

வெகுநேரம் காத்திருந்தோம். பிறகு வெள்ளைக்குள் ஒரு மரத்தின் நுனி தெரிந்தது. அந்த மரத்தின் அடி தெரிந்தபோதுதான் அது எங்களுக்கு எவ்வளவு கீழே நிற்கிறது என்று புரிந்தது.  பனி ஒரு பக்கமாக நகர நகர மலைச்சரிவு கீழே கீழே இறங்கிக்கொண்டே போயிற்று, முடிவே இல்லாமல். அதற்கும் கீழே சமவெளி. நூல் போல ஒரு சாலை, நகத்தளவு ஓர் ஏரி, அதில் வெயில். காற்று கீழேயிருந்து மேலே வீசியது. ஒரு பருந்து எங்களுக்குக் கீழே பறந்தது. அதன் முதுகை நான் பார்த்தேன்.

ஒன்பது ஆண்டுகளாக நான் உலகத்தை மற்றவர்களின் இடுப்பு உயரத்திலிருந்து பார்த்துவருகிறேன். கோயிலில், கல்யாண மண்டபத்தில், கடை வரிசையில், எனக்கு முன்னால் எப்போதும் யாருடைய முதுகாவது இருக்கும். அங்கே யாரும் இல்லை. எல்லாமே எனக்கு முன்னால் இருந்தது, எல்லாமே எனக்குக் கீழே இருந்தது.   செல்வராஜ் அந்த வழியில் நூறு முறையாவது வந்திருப்பார். அவரும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்தார்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். நாற்காலியில் கழற்றக்கூடியதையெல்லாம் விமானம் ஏறுமுன் கழற்றிக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது நான் சின்னச் சக்கரங்கள் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டுதான் வந்தேன். இரண்டு போல்ட்டுகள் கூடுதலாக எடுத்துப் போங்கள். விடுதியில் 'வசதி உண்டா' என்று கேட்காதீர்கள், உண்டு என்றுதான் சொல்வார்கள். வாசலில் எத்தனை படி, குளியலறைக் கதவு எத்தனை அங்குலம் என்று கேட்டு, அளக்கச் சொல்லி, படம் வாங்குங்கள். எங்கள் அறை நாளுக்கு மூவாயிரத்து இருநூறு. மலை ஏறும்போது கார் முன்னிருக்கையைவிடப் பின்னிருக்கையில் மேல்கைப்பிடி அருகே உட்காருங்கள். கூட வருகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று: கேட்டுவிட்டுத் தூக்குங்கள். கரடியூரில் பனி மூடியிருந்தால் திரும்பிவிடாதீர்கள்.

சென்னையில் இறங்கியபோது வழக்கம் போல விமானம் காலியாகும்வரை உட்கார்ந்திருந்தேன். ஒல்லி நாற்காலி வரவில்லை. கவிதா பைகளோடு வாசலருகே நின்றாள். சுத்தம் செய்யும் பெண்கள் ஏறினார்கள். ஒருத்தி என் வரிசைக்கு வந்து, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, பக்கத்து இருக்கையில் அமர்ந்தாள்.

"ஒரு நிமிஷம் உட்கார்ந்துக்கறேன்கா. எங்கேருந்து வரீங்க?"

"ஏற்காட்டிலிருந்து."

"தினம் பத்து ஃப்ளைட்டு துடைக்கறேன். பறந்ததில்லை" என்றாள். பிறகு சன்னலுக்கு வெளியே, ஓடுபாதைத் தரையைப் பார்த்தபடி கேட்டாள்: "மேலேருந்து பார்த்தா எப்படிக்கா இருக்கும்?"

சொல்ல ஆரம்பித்தேன். உழுத வயலைப் போன்ற மேகத்தைச் சொன்னேன். அதைக் கிழித்துக்கொண்டு நின்ற மலையைச் சொன்னேன். அவள் துணியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். அதற்குள் ஒல்லி நாற்காலியோடு ஆட்கள் வந்துவிட்டார்கள். அவள் எழப்போனாள்.

நான் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தேன். "கொஞ்சம் இருங்க" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, பருந்தின் முதுகு எப்படி இருந்தது என்று அவளுக்குச் சொன்னேன்.