வேலி தாண்டாத பந்து

"மூண்டு வருஷமா இன்ஜினியரிங் படிக்கிறாய். ஒரு பந்து ஏன் வேலிக்கு அங்காலை போகேல்லை எண்டு சொல்லத் தெரியேல்லை. பிறகென்ன படிப்பு, பிள்ளை?"

அப்பாவோடு ஞாயிற்றுக்கிழமைகளில் கிரிக்கெட் விளையாடும் அங்கிள் ஒருவர் என்னைக் கேட்டது இது. தம்பியின் பள்ளிக்கூட பேஸ்போல் மைதானத்தில், மடக்குக் கதிரையில் காலை நீட்டியபடி, கோப்பியைக் குடித்துக்கொண்டு கேட்டார். என்னிடம் பதில் இருந்தது. ஆனால் அது முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. அதைத் தமிழில் எங்கே தொடங்குவது என்று நான் யோசித்து முடிப்பதற்குள் அவர் அடுத்த பந்தைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் வரை போன முதல் ஆள் நான். அப்பாவின் படிப்பு போரால் வந்த இடப்பெயர்வோடு நின்றது. அம்மா எட்டாம் வகுப்பை முடிக்கவில்லை. நான் இயந்திரப் பொறியியல் படிக்கிறேன் என்று சொல்லும்போது எனக்குக் கூச்சமெல்லாம் வருவதில்லை, கேட்காதவர்களுக்கும் சொல்வேன். அதனால்தான் அந்தக் கேள்வி அன்று வீடு வரைக்கும் என்னோடு வந்தது.

தம்பி பதினோராம் வகுப்பு. பேஸ்போல் விளையாடப் போகிறேன் என்று அவன் முதலில் சொன்னபோது அப்பா முகத்தைச் சுளித்தார். "உது என்ன, உருளைத் தடியாலை அடிக்கிற விளையாட்டு?" என்றார். ஒரு வசந்தகாலம் முழுவதும் மைதானத்துப் பக்கமே வரவில்லை. பிறகு ஒருநாள், என்னை ஏற்றிப்போக வந்தவர், தம்பி அடித்த பந்து வேலியைத் தாண்டிப் பக்கத்துக் கடைத்தொகுதியான பிளாசாவின் கார் தரிப்பிடத்தில் விழுவதைக் கண்டார். அந்த இடத்திலேயே நின்று, கிரிக்கெட் நடுவர் சிக்ஸருக்குக் காட்டுவதுபோல இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கினார். பக்கத்திலிருந்த பெற்றோர் சிரித்தார்கள். அந்தப் பருவம் முடிவதற்குள் அவர்களும் கை தூக்கத் தொடங்கியிருந்தார்கள். தம்பி ஹோம் ரன் அடித்தால், நாங்கள் இருக்கும் மில்லிக்கனில் கிரிக்கெட்டைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒரு கூட்டம் இரண்டு கைகளையும் தூக்கி நிற்கும். அது பார்க்க நல்லாயிருக்கும்.

இந்த ஆண்டு விதி மாறியது. கழுத்தில் பிபிகோர் என்ற முத்திரை உள்ள மட்டைகளை மட்டுமே இனிப் பாவிக்கலாம் என்று அவர்களுடைய லீக் சொல்லிவிட்டது. உலோகத்திலோ கார்பன் நாரிலோ செய்த மட்டையானாலும், அது ஏறக்குறைய மரமட்டைபோலவே நடந்துகொள்ள வேண்டும். தம்பி அதே உடம்போடுதான் அடித்தான், அதே வீச்சுத்தான். பந்து உயரப் போகும், அப்பாவின் கைகளும் கூடவே எழும்பும். வேலிக்கு முன்னால் நிற்பவன் இரண்டு அடி பின்னால் போய்ப் பிடித்துவிடுவான். அப்பாவின் கைகள் மெல்ல இறங்கும். இறங்கும்போது ஒரு கையால் தலையைச் சொறிந்துகொள்வார், அதற்காகத்தான் தூக்கியதுபோல.

அங்கிள் என்னைக் கேட்டது அப்படியொரு நாளில்தான்.

தம்பிக்கு அது பகிடியாக இருக்கவில்லை. கோடைகாலத் தெரிவு அணியில், வேலிப் பக்கம் நின்று பந்து பிடிக்கும் வெளிக்களத்துக்கு, ஒரேயொரு இடம் இருந்தது. அந்த அணியின் கோச் வியாழக்கிழமை மட்ச்சைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். தம்பிக்கு அந்த இடம் வேண்டும். சாப்பாட்டு மேசையிலும் அதே கதை. கதைக்காத நேரத்தில் முகத்தில் அதே யோசனை.

அப்பா அவனுக்கு ஒரு புது மட்டை வாங்கிக்கொடுத்தார். கறுப்பு நிறம், கார்பன் நார், கழுத்தில் முத்திரையும் இருந்தது. அதன் பிறகு சில நாட்கள் கராஜுக்குள்ளிருந்து டொக், டொக் என்று சத்தம் கேட்டது. அப்பாவின் கிரிக்கெட் பருவமும் தொடங்கப்போகிறது, தன்னுடைய மட்டையைத் தட்டுகிறார் என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை பயிற்சியில் தம்பியின் பந்துகள் மறுபடியும் வேலியைத் தாண்டின. ஒன்றல்ல, திரும்பத் திரும்ப.

"அக்கா, கிறேசி!" என்று காருக்குள் ஏறும்போது கத்தினான். "மட்டை அப்பிடியே தள்ளுது!"

மட்டையை வாங்கி மடியில் வைத்தேன். அதில் ஒரு மணம். பிறந்ததிலிருந்து எங்கள் கராஜில் எனக்குப் பழகிய மணம். கிரிக்கெட் மட்டைக்குப் பூசும் லின்சீட் எண்ணெய்.

வீட்டுக்குள் போனதும் கேட்டேன். "அப்பா, இந்த மட்டைக்கு என்ன செய்தனீங்கள்?"

அப்பாவின் முகம் மலர்ந்தது. கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவர்போலக் கராஜுக்குப் போய், புது கிரிக்கெட் மட்டைகளைப் பதப்படுத்தும் அந்த மரச் சுத்தியலை எடுத்துவந்தார். "சுத்திச் சுத்தித் தட்டினனான். ஒரு இடம் விடேல்லை. கடைசியா ஒரு பூச்சு எண்ணெய். புது மட்டையைத் தட்டாமல் ஆரும் மட்ச்சுக்குக் கொண்டு போவினமோ?"

"கார்பனுக்கு எண்ணெயோ?" என்று குசினிக்குள்ளிருந்து அம்மா. "அப்ப அரைச்ச மஞ்சளும் கொஞ்சம் பூசியிருக்கலாம்."

நான் சிரிக்கவில்லை. எண்ணெயால் ஒன்றும் ஆகாது. சுத்தியல்தான் பிரச்சினை. எனக்கு அப்போது, அங்கிளுக்குச் சொல்ல முடியாமல் போன பதில், தமிழிலேயே வந்தது.

"அப்பா, பட்மின்டன் றக்கெட்டை யோசியுங்கோ. நரம்பு உள்ளுக்குப் போய்த் திரும்பி வந்து தள்ளுது, அதாலைதான் பந்து பறக்குது. நரம்புக்குப் பதிலா பலகை இருந்தா? பந்துதான் நசுங்கும். நசுங்கி நசுங்கிப் பலத்தை விட்டிடும். பழைய பேஸ்போல் மட்டையெல்லாம் றக்கெட் மாதிரி. உள்ளுக்கு ஒண்டுமில்லை, வெறும் கோறை, சுவர் உள்ளுக்குப் போய் வெளியாலை தள்ளும். புது விதி அந்தத் தள்ளுறதைக் குறைக்குது, பலகை மாதிரி. அதுதான் பந்து வேலிக்கு முன்னாலை விழுது."

"சரி. அதுக்கு நான் என்ன பிழை செய்தனான்?"

"நீங்கள் தட்டத் தட்ட உள்ளுக்கிருக்கிற நாரெல்லாம் இளகியிருக்கும். பலகையைத் திரும்ப றக்கெட் ஆக்கிப்போட்டியள். அது விதிக்கு மாறு."

அப்பா சுத்தியலைப் பார்த்தார். மட்டையைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்த அன்பான வேலைகளில் அதுவும் ஒன்று. அது எப்படிக் குற்றமாகும் என்று அவருக்குப் பிடிபடவில்லை. "கிரிக்கெட் மட்டையின்ரை வில்லோ மரத்துக்கு இது சரிதானே," என்றார், மெதுவாக.

"வில்லோவுக்குச் சரி, அப்பா."

தம்பி குனிந்து மட்டையை உற்றுப் பார்த்தான். "வெளியாலை பாத்தாத் தெரியுமோ?" என்று கேட்டான்.

"தெரியாது. ஒரு கீறல்கூட இல்லை."

அவன் மட்டையை எடுத்து ஒருதரம் வீசிப் பார்த்தான். அந்த ஒரு வீச்சில் அவனுக்கு அது எவ்வளவு பிடித்திருந்தது என்று எனக்குத் தெரிந்தது. வியாழக்கிழமைக்கு இடையில் ஒரு நாள்தான் இருந்தது.

"போன வருஷம் பந்து எறியிற எங்கடை பிட்சருக்கு விலாவிலை அடிச்ச பந்து பட்டது, ஞாபகமோ?" என்றான். "அவன் மூச்செடுக்க ஏலாமல் நிலத்திலை கிடந்தவன். அது பழைய மட்டை. பந்து வந்ததை அவன் காணவே இல்லையாம். அந்த விதியே அதுக்குத்தானே, அக்கா? ஹோம் ரனைக் குறைக்கிறதுக்கு இல்லையே."

"ஓம். பிட்சருக்காகத்தான்."

"அப்ப வேண்டாம்." மட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு, "கோச்சிட்டை நானே சொல்லுறன்," என்று மாடிக்குப் போய்விட்டான். பதினாறு வயதில் எனக்கு அது முடிந்திருக்குமா என்று யோசித்தேன். இன்றைக்கும் அவனைப் பற்றி யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது அவனுடைய ஹோம் ரன்களை அல்ல, அந்த மாடிப்படியைத்தான்.

ஆனால் அவனுக்கு முன்னால் அப்பா சொல்லிவிட்டார். வியாழக்கிழமை பின்னேர வேலைக்கு லீவு போட்டு, தொப்பியும் போட்டுக்கொண்டு மைதானத்துக்கு வந்தார். ஒரு கையில் கறுப்பு மட்டை, மறு கையில் சுத்தியல். பள்ளிக்கூட கோச்சிடம் நேரே போய் நின்றார்.

"ஐ டிட் திஸ். நொட் மை சன்," என்றார். "கிரிக்கெட் ஸ்டைல்." சுத்தியலை உயர்த்தி இரண்டுதரம் காற்றில் தட்டியும் காட்டினார்.

கோச் மட்டையை வாங்கி மணந்து பார்த்தார். புருவம் மேலே போனது. நான் போய் விளக்கினேன். மட்ச்சில் பாவிக்காததால் ஒரு பிரச்சினையும் இல்லை, ஆனால் இனி இது மைதானத்துக்குள் வரக்கூடாது என்றார் கோச். பிறகு அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். தம்பிக்குப் பள்ளிக்கூடத்தின் தேய்ந்துபோன அலுமினிய மட்டை கிடைத்தது. முத்திரை மட்டும் இருந்தது. வேறு ஒரு அழகும் இல்லை.

முதல்தரம் உயர அடித்தான். வேலிக்கு முன்னால் பிடிபட்டது. அப்பாவின் கைகள் பாதியில் நின்றன. தெரிவு அணியின் கோச் வேலியில் முழங்கையை ஊன்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த முறைக்குப் போக முன்னர் தம்பி கம்பி வலைக்கருகில் வந்தான். "அக்கா, அங்கை பார். அவங்கள் இன்னும் போன வருஷத்து என்னைப் பாத்துத்தான் நிக்கிறாங்கள்."

பார்த்தேன். எதிரணியின் வெளிக்கள வீரர்கள் மூவரும் வேலியோடு ஒட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் பச்சைப் புல் வெறுமையாகக் கிடந்தது. இவ்வளவு பௌதிகம் படித்த நான் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன்தான் ஆட்களைப் பார்த்திருந்தான்.

இந்தத்தரம் அவன் உயர அடிக்கவில்லை. பந்து தாழ்வாகப் போய் அந்த வெறும் புல்லில் விழுந்து, இருவருக்கு நடுவால் ஓடியது. தம்பி இரண்டாவது பேஸில் போய்ச் சறுக்கிக்கொண்டு நின்றான். அதற்கடுத்த தரமும் அப்படியே, மற்றப் பக்கத்தால்.

அப்பா எழுந்தார். கையைத் தூக்கப் போனவர் நிறுத்தினார். பிறகு வலக்கையை நெஞ்சுக்கு முன்னால் இங்கும் அங்கும் வீசினார். கிரிக்கெட் நடுவர் நான்குக்குக் காட்டுவது அது. பக்கத்திலிருந்த பெற்றோர் ஒரு நிமிடம் குழம்பினார்கள். அவர் விளக்கவில்லை. அவர்களும் கையை வீசத் தொடங்கினார்கள்.

"இப்ப சொல்லு பிள்ளை," என்றார் அங்கிள், கதிரையை என் பக்கம் இழுத்து. "ஏன் வேலிக்கு அங்காலை போகேல்லை?"

பட்மின்டன் றக்கெட்டையும் பலகையையும் சொன்னேன். கவனமாகக் கேட்டார்.

"உதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே!" என்றார்.

சனிக்கிழமை தெரிவு அணியின் கோச் தொலைபேசியில் அழைத்தார். அந்த இடம் தம்பிக்குத்தான். துடுப்பு வரிசையில் இரண்டாவதாகப் போடப் போவதாகவும் சொன்னாராம். புது மட்டைகளோடு அவருக்குத் தேவைப்படுவது இடைவெளியைக் காணும் கண்ணும் ஓடும் காலும்தானாம்.

கறுப்பு மட்டை கராஜிலேயே கிடந்தது. இலையுதிர்காலத்தில் இறுதியாண்டுச் செயற்திட்டத்துக்கு எல்லோரும் தலைப்புத் தேடினார்கள். நான் தேடவில்லை. கிரிக்கெட் சுத்தியல் ஒரு கார்பன் மட்டைக்குள் என்ன செய்கிறது என்று கேட்டபோது, என் பேராசிரியர் அதைத் திரும்பச் சொல்லச் சொன்னார். அப்பாவிடம் மட்டையைக் கேட்டேன்.

"வெட்டப் போறியோ?" என்றார். பிறகு சுத்தியலையும் கொண்டுவந்து என் பைக்குள் வைத்தார். "இதுவும் வேணும்தானே."

நேற்றுப் பட்டறையில் மட்டையை இறுக்கிப் பூட்டி, வாளால் அறுத்தேன். தூசியோடு லின்சீட் மணம் எழும்பியது. பக்கத்து மேசையில் நின்றவர் என்ன மணம் என்று கேட்டார். என்னுடைய அப்பா, என்றேன். அறுத்தெடுத்த முதல் வளையத்தை மினுக்கி, அப்பாவின் சுத்தியல் நாருக்குள் என்ன செய்தது என்று பார்க்க, நுணுக்குக்காட்டிக்குக் கீழே வைத்தாயிற்று.