ராணி விழும் இடம்

அவரை எல்லாரும் சோபாக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். கிழிந்த சோபாவோ, பஸ் சீட்டோ, பல் டாக்டரின் நாற்காலியோ, பிரித்துப் போட்டுப் புது ஸ்பாஞ்சு வைத்துத் தைத்துக் கொடுத்துவிடுவார். வாயையும் அப்படியே சேர்த்துத் தைத்துக்கொண்டாரோ என்னவோ, அதிகம் பேசமாட்டார்.

அவர் மனைவி நேர் எதிர். தபால் ஆபீசில் ஸ்டாம்பு கிழித்துக் கொடுக்கும்போதே வசனம் பேசுவாள். சாயங்காலமானால் நாடகக் குழு. இந்த முறை அவளுக்கு ராணி வேஷம். பழைய நாடகம், கதை எல்லாருக்கும் தலைகீழ்ப் பாடம். ராஜா சந்தேகப்படுவான், ராணி சபை நடுவே சுருண்டு விழுந்து செத்துப்போவாள், அப்புறம்தான் ராஜாவுக்குப் புத்தி வரும். ராஜாக்களுக்கு அது எப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும்.

சிக்கல் அந்தச் சாவில்தான். போன வருஷம் அவள் சமையலறையில் நிஜமாகவே விழுந்துவிட்டாள். இதயக் கோளாறு. கடையில் தையல் மெஷின் சத்தத்தில் இவருக்கு போன் அடித்ததே கேட்கவில்லை. மாடிவீட்டு அக்கா பார்த்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். இப்போது உடம்பு தேறிவிட்டது, நடிக்கலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். இவருக்குத்தான் மனசு ஆறவில்லை.

அதனால் மேடைக் கம்பளத்தின் அடியில், ராணி விழும் இடத்தில், மெத்தை ஒன்று தைத்து வைத்தார். அப்படியும் கடைசிக் காட்சி வந்தால் டீ குடிக்கிற சாக்கில் எழுந்து வெளியே போய்விடுவார். மேடையிலிருந்து அவளுக்கு அந்தக் காலி நாற்காலி தெரியும்.

"இன்னைக்குக் கடைசி ஆட்டங்க," என்றாள் கிளம்பும்போது. "டீ எங்கயும் ஓடிப் போயிடாது. முழுசா உக்காந்து பாருங்க."

"பாக்கறேன்."

பார்த்தார். நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். ராணி தள்ளாடினாள். ராஜாவோ உணர்ச்சிப் பெருக்கில் சரியாக மெத்தை மேலேயே வந்து நின்றுகொண்டான். அவளுக்கு வேறு வழியில்லை. வெறும் பலகைமேல் சாய்ந்தாள்.

"ஐயோ, அங்க இல்லடி! மெத்தை இந்தப் பக்கம்!"

அரங்கம் கொல்லென்று சிரித்தது. ராஜா வசனத்தை மறந்து விழித்தான். ராணி மட்டும் அசையவில்லை. எழுந்து நின்றிருந்த சோபாக்காரர் கூனிக் குறுகி உட்கார்ந்தார். எங்காவது ஓடி ஒளியலாம் என்றிருந்தது. ஆனாலும் திரை விழும்வரை அவள்மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை.

ஒப்பனை அறையில் அவள் கிரீடத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவர் வாசலிலேயே நின்றார்.

"உன் மானத்தை வாங்கிட்டேன்."

அவள் திரும்பிப் பார்த்தாள். கண் மை கன்னத்தில் வழிந்திருந்தது.

"அன்னைக்கு சமையலறையில விழுந்து கெடந்தப்ப, நீங்க வந்து கத்த மாட்டீங்களான்னுதான் காதைத் தீட்டிட்டுக் கெடந்தேன்," என்றாள். "இன்னைக்குக் கேட்டுடுச்சு."

அவர் வாசலை விட்டு உள்ளே நுழைந்தார். பக்கத்தில் வந்து, பலகையில் இடித்துச் சிவந்திருந்த அவள் முழங்கையைக் கையில் எடுத்து, மெதுவாகத் தடவிக் கொடுத்தார்.