மாத்தி

எங்கள் தோட்டத்து ரப்பர் ஆலைக்குக் கரண்டு மோட்டர் வந்த புதிதில், அதன் கைப்பிடியைப் பார்த்துக்கொள்ளும் வேலை என் வீட்டுக்காரருக்குக் கிடைத்தது. ஊரிலிருந்து மலாயாவுக்கு வந்து கப்பலை விட்டு இறங்கி ஒரு வருஷம்கூட ஆகாத மனுஷர். மண்வெட்டியிலிருந்து மோட்டருக்குப் போனதும் நடையே மாறிவிட்டது. கைப்பிடி நடுவில் இருந்தால் மோட்டர் நிற்கும். வலப்பக்கம் தள்ளினால் உருளைகள் முன்னே சுற்றும், இடப்பக்கம் தள்ளினால் பின்னே சுற்றும். எந்தப் பக்கமானாலும் அது ஓடும் தடத்தில் வெட்டியிருக்கிற பற்களில் ஒவ்வொரு பல்லாகத்தான் தள்ள வேண்டும். அவசரப்பட்டால் பியூஸ் போய்விடும். வீட்டில் நான் சோறு போடும்போதுகூட "மெதுவா, மெதுவா" என்று பாடம் நடத்துவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

உறைந்த ரப்பர் பாலை அந்த உருளைகளுக்குள் கொடுக்கிற வேலை எனக்கு. அன்று அலோர் காஜா டவுனில் வாங்கிய புதுச் சேலையைக் கட்டிக்கொண்டு போயிருந்தேன். ஆலை வேலைக்கு எதற்குப் புதுச் சேலை என்று கேட்காதீர்கள், ஆசைதான். குனிந்தபோது முந்தானை நழுவி, ரப்பரோடு சேர்ந்து உருளைக்குள் போய்விட்டது. நான் இழுத்தேன், அது என்னை இழுத்தது.

மோட்டரைச் சரிபார்க்க டவுனிலிருந்து வந்திருந்த மலாய் மெக்கானிக்தான் முதலில் பார்த்தார். "மாத்தி, மாத்தி" என்று கத்தினார்.

என் வீட்டுக்காரருக்கு மலாய் தெரியாது. மாத்திப் போடச் சொல்கிறார் என்று நினைத்து, வலக்கோடியில் இருந்த கைப்பிடியை ஒரே வீச்சில் இடக்கோடிக்குத் தள்ளிவிட்டார். மெதுவாவது, பல்லாவது. மோட்டர் உறுமி நின்று, பின்பக்கம் சுற்றியது. உருளைகள் என் முந்தானையை நசுக்கித் திருப்பிக் கொடுத்தன. அதோடு டப்பென்று பியூஸ் போய், ஆலையே அமைதியானது.

மெக்கானிக் மலாயில் திட்டிக்கொண்டே வந்தார். சத்தம் கேட்டு ஓடிவந்த, ஆபீஸில் கணக்கெழுதும் கிராணிதான் விளக்கினார்.

"அவரு மாத்திப் போடச் சொல்லலப்பா. மலாயில மாத்தின்னா மோட்டர நிறுத்துன்னு அர்த்தம்."

"நிறுத்துறதுக்கு ஏங்கய்யா மாத்திங்கறாங்க?"

"செத்துப்போறதுக்கும் அதே சொல்லுதான். செத்தா நின்னுடும்லா."

என் வீட்டுக்காரர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. பியூஸ் போனதெல்லாம் அவர் மண்டையில் ஏறவே இல்லை.

"எம் பொண்டாட்டி உருளைக்குள்ள போயிட்டிருக்கா, அவளப் பாத்து சாவுன்னா கத்துன?" என்று மெக்கானிக்கின் சட்டையைப் பிடித்துவிட்டார். ஆலையில் இருந்தவர்கள் சேர்ந்துதான் பிரித்துவிட்டார்கள்.

அதற்கு முன் "எம் பொண்டாட்டி" என்று அவர் யார் காதிலும் விழும்படி சொன்னதில்லை. நசுங்கிய முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். புதுச் சேலை பாழாய்ப் போன துக்கம் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.