கிட்டங்கிக் கதவின் காடி

கோலாலம்பூரில் விரல் பட்டால் நகரும் கண்ணாடிக் கதவுகள் எத்தனையோ கடைகளில் இருக்கின்றன. அவற்றில் பாதி என் ஆட்கள் மாட்டியவை. இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்றைக்கும் எந்தக் கடைக்குப் போனாலும் என் கண் முதலில் கதவு ஓடும் பள்ளத்துக்கு, அந்தக் காடிக்குத்தான் போகும். அதில் அழுக்கு தெரிந்தால் அங்கே ஒரு வாய்த் தண்ணீர் குடிக்க மாட்டேன். குமட்டும். ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்த காலத்தில் கிள்ளான் ஊர் எனக்குக் கொடுத்த வியாதி அது.

நான் இருந்த பிரிக்பீல்ட்ஸில் சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்றதும் கிள்ளானுக்கு ஓடி, ஆற்றோரம் அரிசி மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் தச்சு வேலையைப் பிடித்தேன். கிட்டங்கிக்குத் தேவைப்படுகிறவனை ஜப்பான்காரன் தொட மாட்டான். தேவையில்லாதவனைச் சயாம் லோரியில் ஏற்றிவிடுவான். அப்படிப் போனவர்களில் திரும்பி வந்தவனை நான் அதுவரை பார்த்ததில்லை.

கிட்டங்கிக் கதவு பக்கவாட்டில் இழுத்துத் திறப்பது. நல்ல கனம். மேலே இரும்புத் தண்டவாளத்தில் உருளைகளோடு தொங்கிக்கொண்டிருந்தது. அந்த இரும்பை ஜப்பான்காரன் கழற்றிக்கொண்டு போனான். எங்களை மேய்த்த மண்டோர், உருளைகளைக் கதவின் அடியில் மாற்றித் தரையில் மரக்காடி போட்டு ஓட்டச் சொன்னார்.

"மேலதாண்ணே தொங்கணும். கீழ வச்சா தவிடும் மண்ணும் காடிய அடைச்சுரும்."

"மேல எதுல தொங்கவிடுவ? உன் கழுத்துலயா?"

"பழைய படகுத்துறை மரத்தூண் ஒண்ணு ஆத்துல கெடக்கு. கடல் ஏறுற உப்புத்தண்ணியில கெடந்தும் உளுக்கல. அத உத்தரமாப் போட்டு, மாட்டுவண்டிச் சக்கரத்து இரும்புப் பட்டைய நிமித்தி அடிச்சா உருளை ஓடும்."

"வந்துட்டாருய்யா எஞ்சினியரு. ரப்பர் கட்டையில காடியப் போடு லா."

ரப்பர் கட்டை ஈரம் பட்டால் பூசணம் பிடிக்கும், காய்ந்தால் வண்டு துளைக்கும். சொல்லியும் கேட்கவில்லை. போட்டுக் கொடுத்தேன்.

கிரீஸ் கிடைக்காத காலம். மண்டோர் காடி நிறையச் செம்பனை எண்ணெயை ஊற்றினார். அதில் தவிடு விழுந்து களியானது. எலிகள் வந்து நக்கின. அதுவும் போதாதென்று ஆயுத பூசை வந்தது. ஊரே மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டிருக்க, இந்த மனிதர் எங்கேயோ வாழைப்பழமும் வெல்லமும் தேடிப் பிடித்துவந்து, பிசைந்து, குங்குமத்தோடு காடியில் அப்பினார். வாசலில் பூசணிக்காய் உடைத்தார். உருளைக்கடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. மறுநாள் நான் துணியோடு போனேன்.

"தொடாத. அதுவாக் காயணும். சாமி குத்தமாயிரும்."

அது காயவில்லை, அழுகியது. கரப்பான் மொய்த்தது. புழு வைத்தது. கிட்டங்கிக்குள் போனால் அரிசி மணக்கவில்லை, அந்தக் காடிதான் நாறியது.

ஒரு காலையில் அரிசி ஏற்ற லோரியோடு ஜப்பான் அதிகாரி வந்தான். கதவு நகரவில்லை. ஆறு பேர் தள்ளியும் அசையவில்லை. மண்டோருக்குக் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. உடனே அவர் கை என்னை நோக்கி நீண்டது.

"இவன் செஞ்ச கதவுங்க துவான்."

சாயங்காலத்துக்குள் கதவு திறக்காவிட்டால் நான் சயாமுக்கு என்று அதிகாரி அரைகுறை மலாயில் சொல்லிவிட்டு நிழலில் போய் உட்கார்ந்தான்.

கடப்பாரையால் கதவை நெம்பச் சொல்லிக் குப்புறப் படுத்தேன். கரண்டி நுழையாத இடத்தில் கையை விட்டேன். சிவப்பும் கறுப்புமாக ஒரு கூழ் வந்தது. அதற்குள் உருளையில் சிக்கிச் செத்த எலி, தோல் கழன்று, என் விரலோடு இழுபட்டு வந்தது. இரண்டு முறை வாந்தி எடுத்தேன். மண்டோர் மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு நின்றார்.

கதவு திறந்தது. இன்னொரு தடவை சிக்குமா என்று அதிகாரி கேட்டான். கீழே இருக்கும்வரை சிக்கும், மேலே தொங்கினால் சிக்காது என்றேன். ஆள் கொடுத்தான். ஆற்றிலிருந்து தூணை இழுத்து உத்தரமாக ஏற்றி, வண்டிப் பட்டையை அடித்து, மாட்டினேன். ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது. தினம் காய்ந்த துணியால் ஒரு துடைப்பு, லேசாக மெழுகு, அவ்வளவுதான். அதிகாரி ஒற்றைக் கையால் இழுத்துப் பார்த்துச் சிரித்தான். பிறகு மண்டோரைக் காட்டி, இந்த ஆள் எதற்கு என்று என்னிடமே கேட்டான்.

மண்டோர் என் பக்கம் நெருங்கி வந்தார்.

"தம்பி, பிள்ளக்குட்டிக்காரன்யா நான்" என்றார் தமிழில், மெதுவாக.

என் கையை மோந்து பார்த்தேன். நாற்றம் போகவில்லை. கதவைத் துடைக்க இரண்டு ஆள் வேண்டும் என்றேன். அந்த ஒரு வார்த்தையால் அவர் பிழைத்தார். ஜப்பான்காரன் போகிறவரை துணியோடு ஏணியில் நின்றார். நான் அந்தப் பக்கம் திரும்பினால் போதும், மடியிலிருந்து எண்ணெய்க் குப்பியை எடுத்துப் பட்டையில் ஊற்றிவிடுவார். உத்தரத்தில் எலிப் புழுக்கையைப் பார்க்கும்போதெல்லாம், இந்த மனிதரையா சயாமிலிருந்து காப்பாற்றினேன் என்று துப்பிவிட்டு, நானே ஏறித் துடைப்பேன்.