சுரண்டி அக்காவும் வெள்ளைச் சுவரும்

என் அக்காவுக்கு அலுவலகத்தில் வைத்த பெயர் சுரண்டி. வைத்தவர்கள் கிண்டலுக்குத்தான் வைத்தார்கள். அவளோ அதை ஏதோ பட்டம் மாதிரி வாங்கிக்கொண்டு, போனை எடுத்தால்கூட "சுரண்டி பேசறேன்" என்பாள். பழைய கட்டடங்களைச் சீர்செய்து பழையபடி ஆக்கும் அலுவலகம் அது. நாடக அரங்கு, நகர மன்றம், எவனோ ஒரு சீமான் வாழ்ந்து கெட்ட மாளிகை என்று எதைச் சுற்றியாவது எப்போதும் சாரம் கட்டியிருப்பார்கள். உள்ளே அக்கா ஒரு சுவர் மூலையில் உட்கார்ந்து, அறுவை சிகிச்சை மருத்துவர்கள் வைத்திருக்கும் சின்னக் கத்தியால் பூச்சுகளை ஒவ்வொன்றாகச் சுரண்டுவாள். படிக்கட்டு மாதிரி இறங்கும். மேல் படி, அலங்காரத்தைக் கண்டாலே எரிச்சல்பட்ட தலைமுறை அடித்த வெள்ளை. அதற்கடியில் வெல்வெட் திரையும் தங்க விளிம்புமாக வாழ்ந்தவர்களின் அடர் சிவப்பு. அதற்கும் அடியில், கிரேக்கக் கோயிலைப் பார்த்து வீட்டு முகப்பில் தூண் வைத்தவர்களின் வெளிர் பச்சை. எல்லாவற்றுக்கும் அடியில் சுண்ணாம்பு.

இந்த வேலையில் இருபது வருஷம் இருந்தால் யாருக்குத்தான் புத்தி நேராக இருக்கும்? மேற்கத்தியக் கலை வரலாறு முழுவதும் அவளுக்கு ஒரு மோசடி வழக்கு. "தட்டையான கூரையில குவிமாடம் வரைஞ்சு வெச்சிருக்கான். தூணைத் தட்டிப் பாத்தா மரம், மேல பளிங்கு மாதிரி கோடு இழுத்திருக்கான். இந்தப் பக்கம் ஜன்னல் இருக்கேன்னு அந்தப் பக்கம் ஒரு பொய் ஜன்னல். எவனாவது உண்மை பேசியிருக்கானா பாருடி" என்பாள். வெள்ளை மேல்தான் அவளுக்குத் தனிப் பகை. அந்தக் காலத்துக் கிரேக்கச் சிலைகளுக்குச் சிவப்பும் நீலமும் பூசியிருந்தார்களாம். பூச்சு காலப்போக்கில் உதிர்ந்துபோக, பின்னால் வந்தவர்கள் வெறும் கல்லைப் பார்த்து வெள்ளைதான் அழகு என்று ஊரெல்லாம் வெள்ளைச் சிலை செய்து வைத்தார்களாம். "வெள்ளையா ஒண்ணு இருந்தா, எதையோ மறைக்குதுன்னு அர்த்தம்." இது அவள் தீர்ப்பு.

இது கட்டடத்தோடு நின்றிருந்தால் நான் வாயைத் திறந்திருக்கமாட்டேன். வரன்களையும் அவள் விட்டுவைக்கவில்லை. ஒரு பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தோம். மேசை பரம்பரைத் தேக்கு என்று அவர் பெருமையாகச் சொன்னார். அக்கா குனிந்து அடிப்பக்கத்தை நகத்தால் கீறிவிட்டு, "மரத்தூள் பலகை. மேல தேக்கு மாதிரி தாள் ஒட்டியிருக்கு" என்றாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்தோம். வழியெல்லாம் நான் திட்டினேன். "மேசையிலேயே இப்படின்னா மத்ததுல எப்படி?" என்று அவள் என்னையே திருப்பிக் கேட்டாள்.

அப்படியே நாற்பத்தைந்து வயதாகிவிட்டது. தனியாக இருப்பது பிடித்திருக்கிறது என்று அவள் சொன்னதில்லை. ராத்திரியில் டிவியை ஓடவிட்டுத் தூங்குவாள், யாராவது பேசிக்கொண்டிருக்கிற மாதிரி இருக்குமாம். அதனால்தான் ஒரு கண்ணாடிக் கடைக்காரர் வரனாக வந்தபோது எனக்கு அவ்வளவு பதற்றம். மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் தேய்த்துக் கொடுப்பவர். மனைவி இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அமைதியான மனுஷர், அக்கா பேசினால் பொறுமையாகக் கேட்டார். அக்காவுக்கும் பிடித்திருந்தது என்பதை, அவரைப் பற்றி அவள் குறையே சொல்லாததிலிருந்து கண்டுபிடித்தேன். இதுவும் போனால் அடுத்து எவரும் வரப்போவதில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் அது தெரியும்.

வீட்டைப் பார்க்க வரச் சொன்னார். போனோம். கூடம், சமையலறை எல்லாம் துடைத்து வைத்திருந்தார். பின்னறைக்குப் போனதும் அக்கா நின்றுவிட்டாள். மூன்று சுவர்கள் வயதாகிப் பழுத்த சந்தன நிறம். நான்காவது சுவர் மட்டும் பளிச்சென்று வெள்ளை.

"இது மட்டும் ஏன் புதுசா அடிச்சிருக்கீங்க?"

"அது... சும்மாதான். பாக்க நல்லா இல்ல." அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. "டீ போட்டு எடுத்துட்டு வரேன்" என்று போய்விட்டார்.

எனக்கே அது சரியாகப் படவில்லை. அக்கா அதற்குள் பையைத் திறந்திருந்தாள்.

"அக்கா, வேண்டாம். மானம் போயிடும்."

"நீ வாசலைப் பாத்துக்கோ."

தரையோரமாக உட்கார்ந்து சுரண்டினாள். வெள்ளைக்கு அடியில் நீலம். நீலத்துக்கு அடியில் மஞ்சள். அப்புறம் ஆரஞ்சு, பச்சை, இளஞ்சிவப்பு, மறுபடி ஒரு மஞ்சள். அவள் பூதக்கண்ணாடியை எடுத்தாள். அடுத்த சுவரையும் கொஞ்சம் கீறினாள். அங்கே இரண்டே பூச்சு.

"இங்க பாரு. ரெண்டு பூச்சுக்கு நடுவுல வருஷக்கணக்கா அழுக்கு படியணும். அந்தச் சுவத்துல இருக்கு. இதுல வெள்ளைக்கு அடியில மட்டும் கொஞ்சம் இருக்கு, மத்த பூச்சுக்கு நடுவுல அழுக்கே இல்ல. அடிச்சுக் கொஞ்ச நாள்லயே மேல அடுத்ததை அடிச்சிருக்கான். திரும்பத் திரும்ப. அதுவும் வேலை தெரிஞ்சவன் அடிச்சது இல்ல, தூரிகை தடம் கண்டபடி போகுது. மேல இருக்கற வெள்ளை மட்டும்தான் ஆளை வெச்சு அடிச்சது."

"அதனால?"

"எதையோ மறைக்க அடிச்சிருக்கான். மறையல. மறுபடி அடிச்சிருக்கான்."

சுவரின் மறுகோடிக்குப் போய் அங்கேயும் சுரண்டினாள். அங்கே வெள்ளைக்கு அடியில் நேராக மஞ்சள். நீலமே இல்லை. "பாதியில நிறுத்தியிருக்கான்" என்றாள். அவள் குரல் அடங்கிப்போயிருந்தது. அவர் மனைவி எப்படி இறந்தார் என்று நாங்கள் சரியாகக் கேட்கவே இல்லை. உடம்பு சரியில்லை என்று சொன்னார், நாங்களும் தலையை ஆட்டிவிட்டு வந்திருந்தோம். வாசலைப் பார்க்கச் சொன்னதை மறந்து நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தட்டோடு வந்தவர் எங்களைக் கையும் களவுமாகப் பிடித்தார். தரையெல்லாம் வண்ணத் தூள். அக்காவுக்குக் கொஞ்சமாவது கூச்சம் வர வேண்டுமே! கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"இந்தச் சுவத்துல என்ன இருந்துச்சு?"

அவர் தட்டை ஜன்னல் திட்டில் வைத்தார். கோபப்படவில்லை.

"எதுவும் இல்ல. கட்டில் இங்க இருந்துச்சு. அவங்களால திரும்பிப் படுக்க முடியாது. நாள் முழுக்க இந்தச் சுவர் ஒண்ணுதான் கண்ணுல படும். ஒருநாள் மஞ்சளா இருந்தா நல்லா இருக்கும்னாங்க. கடையை மூடிட்டு வந்து அடிச்சேன். கொஞ்ச நாள்ல அலுத்துப்போச்சு. ரோஸ் கேட்டாங்க. அப்புறம் பச்சை. எனக்கு அடிக்கத் தெரியாது, ஒழுகும். அதைப் பாத்துச் சிரிப்பாங்க."

"நீலம் ஏன் பாதியில நிக்குது?"

"அடிச்சிட்டு இருந்தேன். பின்னாடி சத்தம் கேட்டுச்சு. திரும்பிப் பாத்தேன்." அவ்வளவுதான் சொன்னார். டீயை அக்கா பக்கம் நகர்த்திவிட்டு, "நீங்க வரும்போது அது உங்க கண்ணுல படக்கூடாதுன்னு ஆளை வெச்சு வெள்ளை அடிச்சேன். சும்மான்னு சொன்னது தப்பு" என்றார்.

நான் அப்போதே நம்பிவிட்டேன். அக்காவும் உடனே நம்பிவிட்டாள் என்று நினைத்தால் உங்களுக்கு அவளைத் தெரியாது. சுவர் நடுவே போய் மறுபடி சுரண்டினாள். அவர் தடுக்கவில்லை. நீலம் முடியும் ஓரத்தைக் கண்டுபிடித்து, பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தாள். நேராக நிறுத்திய ஓரம் இல்லை. தூரிகை மேலே போய்க்கொண்டிருக்கும்போதே சுவரை விட்டு விலகிய தடம். அதை எனக்கும் காட்டினாள். அழுக்கையும் பொய்யையும் தேடிப்போனவள், இன்னொருத்தி மேல் வைத்த பிரியத்தைத் தோண்டி எடுத்துவிட்டாள். அவளுக்குப் பொறாமையாக இருந்தது, அது முகத்திலேயே தெரிந்தது.

"எனக்கும் ஒருநாள் முடியாமப் போனா இப்படி அடிப்பீங்களா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று சொல்லித் தொலையும் ஐயா என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். அவர் யோசித்தார். கணக்குப் போடுகிறவர் மாதிரி யோசித்தார்.

"மாட்டேன்னுதான் நினைக்கறேன். இப்ப எனக்குத் தோள் தூக்க வரல. ஆளை வெச்சுதான் அடிக்கணும். அதுவும் இல்லாம, அது அவங்களோடது. உங்களுக்கும் அதையே பண்ணா நல்லா இருக்காது."

போச்சு என்று நினைத்தேன். அக்கா டீயை எடுத்துக் குடித்தாள். ஆறிப்போன டீ, முழுவதும் குடித்தாள். பிறகு, "அடுத்த மாசம் வெச்சுக்கலாம், உங்களுக்குச் சரின்னா" என்றாள்.

தெருவுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். "உனக்காக அடிக்க மாட்டேன்னு மூஞ்சிக்கு நேரா சொல்றாரு. நீ நாள் குறிச்சிட்டு வரே! புத்தி கெட்டுப்போச்சா?"

"இத்தனை பேர் வந்தாங்களே, எனக்குப் பிடிக்காத ஒரு வார்த்தையை எவனாவது சொல்லியிருக்கானாடி?" என்றாள் அக்கா. "நான் அவரை நம்பறேன்."

அந்த வார்த்தையை அவள் வாயால் நான் அதுவரை கேட்டதே இல்லை. ஆட்கள் போய்வரும் தெருவில் நின்று நான்தான் அழுதேன்.